காய்ச்சல் எங்கள் கையில், பாய்ச்சல் யார் கையில்?

காவிரி டெல்டாவுக்குக் காலநிலைத் திட்டம் வகுக்கும் வேளாண், பாசன அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம், முள்ளியாற்றுப் பாசனத்தில் ஒரு வாய்க்காலின் கடைசி மதகில் தண்ணீர் வாங்குகிறவன் நான். மொத்தம் ஒன்பது மா சாகுபடி (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்). நான்கு மா சொந்தம். மீதி கோயில் நிலம், குத்தகை. அப்பாவுக்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகளாக நான்தான் பார்த்து வருகிறேன்.

சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி வைப்பதால் மீத்தேன் வாயு உண்டாகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, ஆகவே வயலைக் காயவிட்டு (காய்ச்சல்), பிறகு நீர் பாய்ச்சுங்கள் (பாய்ச்சல்) என்றார்கள். சொன்னது சரி. அதை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். வந்தவர்களிடம் அதற்கு விடை இல்லை. அது அவர்கள் பொறுப்பும் இல்லை. விடை உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். நட்டு ஒரு மாதம் ஆன வயலில் இறங்கினால் காலடியில் குமிழிகள் கிளம்பும். சின்ன வயதில் அதை மிதித்து விளையாடியிருக்கிறோம். சேறு மூச்சு விடுகிறது என்பாள் பாட்டி. வேளாண் பட்டப்படிப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் ஒரு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, வாயில் புனலைச் செருகி, வயலில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் சுற்றிலும் சேற்றை மிதித்தேன். குமிழிகள் ஏறி ஏறிப் பாட்டிலில் கால்வாசி வாயு சேர்ந்தது. கரைக்கு வந்து, வாயைக் கட்டைவிரலால் மூடி நிமிர்த்தி, தீக்குச்சியைக் காட்டினாள். ஒரு நொடி நீலமாகப் பிடித்து அணைந்தது. என் வயலில் எரிவாயு வருகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

மகள் விளக்கியது இது. தண்ணீர் நிற்கும் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகி, மடக்கி உழுத தாளையும் வேரையும் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. குமிழியாக நம் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. வேருக்குக் காற்று கொண்டுபோவதற்காகப் பயிர் தனக்குள் வைத்திருக்கும் குழல்கள், கீழிருந்து மீத்தேன் மேலே வரவும் வழியாகிவிடுகின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் எண்பது கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகச் சூடேற்றுகிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு அளவில் அது காற்றில் கரைந்து குறைந்துவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் நிற்கும். அதனால் மீத்தேனை இன்று குறைத்தால் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும். இந்தக் கணக்கு எனக்கு நம்பிக்கை தந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் கையால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறதே என்ற மகிழ்ச்சி அது.

எல்லாப் பழியையும் வயலின் மேல் போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். உலகில் மனிதரால் உண்டாகும் மீத்தேனில் நெல்லின் பங்கு பத்தில் ஒன்றுக்குள்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் துறையும் கால்நடைகளும் அதைவிடப் பல மடங்கு. கரியமில வாயுவில், ஓர் இந்தியர் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் என்றால் ஓர் அமெரிக்கர் பங்கு 14 டன்னுக்குக் குறையாது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் மீத்தேனை 30 விழுக்காடு குறைப்போம் என்று பல நாடுகள் உறுதி எடுத்தபோது இந்தியா அதில் சேராமல் நின்றதன் நியாயம் எனக்குப் புரிகிறது. சிறு விவசாயியின் சோற்றையும் பெரும் ஆலையின் புகையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் வெயிலும் புயலும் யார் செய்த குற்றம் என்று பார்த்து எங்கள் ஊருக்கு வருவதில்லை. குறைக்க முடிந்ததைக் குறைக்க நாங்கள் தயார்.

நீங்கள் சொல்லும் முறை எங்களுக்குப் புதியதும் இல்லை. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பது அப்பா காலத்துப் பேச்சு. நட்ட பயிர் பச்சை பிடித்ததும் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவார். தூர் நன்றாகக் கட்டும், வேர் ஆழம் போகும் என்பார். இளநாற்றை இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடி வந்தபோது 'நீர் மறைய நீர் கட்டு' என்று சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது குழாய் வைத்து அளக்கச் சொல்கிறீர்கள். ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாய், கீழ்ப் பாதியில் துளைகள். பாதியை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட்டால், மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பதினைந்து சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்து, பிறகு ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது, தண்ணீரும் மிச்சம், விளைச்சலும் குறையாது. நல்ல முறை. எளிய முறை. செலவு ஒரு துண்டுக் குழாய்.

இந்த முறையில் காய்ச்சல் எங்கள் கையில் இருக்கிறது. பாய்ச்சல் எங்கள் கையில் இல்லை. கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி இதுதான்: குழாயில் தண்ணீர் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய அன்று, வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று யார் எனக்குச் சொல்வார்?

2023 குறுவையில், அதாவது ஜூன் தண்ணீரை நம்பி நடும் குறுகிய காலப் போகத்தில், நான் மூன்று மாவில் குழாய் நட்டேன். அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள். எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. முதல் இரண்டு சுற்றுக் காய்ச்சல் நன்றாகவே போனது. பயிர் கருகருவென்று நின்றது. பக்கத்து வயல்காரர் வந்து குழாயைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது சுற்றில் தண்ணீர் இறங்கியது. எங்கள் மதகுக்கு முறை வர வேண்டிய நாளில் வாய்க்கால் வறண்டு கிடந்தது. மேலே நீர்வரத்து குறைந்துவிட்டது என்றார்கள். நான்கு நாள், ஆறு நாள், பதினொரு நாள். மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் வெடிப்பானது. வேர் அறுந்தது, களை கிளம்பியது. பக்கத்தில் ஒருவரிடம் கெஞ்சி போர் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சினேன். அது சப்புத் தண்ணீர், அதற்கும் மணிக்கணக்கில் காசு. ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுக்கிற நிலத்தில் அந்தத் தடவை பத்தொன்பது மூட்டை. பக்கத்து வயல்காரர் காயவிடவே இல்லை. வந்த தண்ணீரை வரப்பு உயரத்துக்குக் கட்டி வைத்திருந்தார். அவருக்கு இருபத்தாறு மூட்டை. அன்றிலிருந்து எங்கள் வாய்க்காலில் குழாய் நடச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை.

அது பற்றாக்குறை ஆண்டு, விதிவிலக்கு என்று நீங்கள் சொல்லக்கூடும். விதிவிலக்கு எது, வழக்கம் எது என்பதுதான் இப்போது எங்களுக்குத் தெரியவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து ஜூன் 12 என்றால் டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020இல் திறந்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் தேதி தவறாமல் திறந்தும் குறுவை காய்ந்தது. 2024இல் திறப்பு ஜூலை 28க்குத் தள்ளிப்போனது. இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அணை 120 அடி நிரம்பி, உபரி நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. நாற்றங்கால் காய்ந்து கிடந்த அதே மாதத்தில் கொள்ளிடம் கரை புரண்டது. மழை குறைந்ததா கூடியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது கொட்டும் விதம் மாறிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள். இழுத்துப் பிடிக்கிற காலமும் நீள்கிறது, விடுகிறபோது ஒரேயடியாக விடுகிறது. காலநிலை மாற்றம் என்று உலகம் சொல்வதற்குக் கடைமடையில் பொருள், தண்ணீர் வரும் தேதி கெட்டுப்போனது என்பதே.

தேதி தெரியாதவன் என்ன செய்வான்? வருகிறபோது பிடித்து வைத்துக்கொள்வான். வரப்பை உயர்த்தி, மடையை அடைத்து, முழங்கால் தண்ணீர் கட்டுவான். அதிகமாகத் தண்ணீர் கட்டுவது விவசாயியின் அறியாமை என்று பயிற்சிகளில் சொல்கிறபோது எனக்கு மனம் வலிக்கிறது. அது பயம். பயத்துக்குப் பயிற்சி மருந்தாகாது; நிச்சயமான தேதிதான் மருந்து. எங்களுக்கு முறைப்பாசனத்தின் அட்டவணை வேண்டும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர், எத்தனை நாளைக்கு என்பதைப் பத்து நாள் முன்பாகவே கைப்பேசிக்கு அனுப்புங்கள், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். மாற்றம் வந்தால் மாற்றத்தையும் சொல்லுங்கள். தண்ணீர் வராது என்று முன்கூட்டிச் சொன்னால்கூடப் போதும், நான் அந்தச் சுற்றில் காயவிடாமல், இருக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வேன்.

இந்த முறையை ஆளுக்கு ஒரு வயலாகப் பரப்புவதிலும் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் தனி வயலுக்கு வருவதில்லை, வாய்க்காலுக்கு வருகிறது. ஆகவே ஒரு வாய்க்காலை முழுதாக எடுங்கள். அதிலும் தலைமடையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் நிச்சயம் உள்ள இடத்தில்தான் துணிந்து காயவிட முடியும். அங்கே காயும் நாட்களில் மிச்சமாகும் தண்ணீரைக் கீழே அனுப்ப ஷட்டரைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அது மேலேயே வடிந்து வீணாகும். தலைமடையில் காய்ச்சல், கடைமடையில் பாய்ச்சல். அடுத்த வாரம் மாற்றி. மீத்தேன் குறைப்பும் கடைமடைக்குத் தண்ணீரும் இப்படி ஒரே வேலையாகிவிடும். ஏ, பி என்ற பெரிய வாய்க்கால்களை ஒரு துறை தூர்வார, சி, டி என்ற சிறு வாய்க்கால்களை வேறொரு துறை தூர்வார, பயிற்சியை மூன்றாவது ஒருவர் கொடுக்க என்று இருந்தால் இது நடக்காது. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வாய்க்காலுக்கு ஒரு குறுவையாவது சேர்ந்து செய்து பாருங்கள். இந்த மடலில் நான் கேட்பதில் முக்கியமானது இதுதான்.

மழைக்காலப் போகமான சம்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வயலை யாராலும் காயவிட முடியாது. வானம் பாய்ச்சுகிறது. சம்பா நாட்களையும் சேர்த்து மீத்தேன் குறைப்புக் கணக்கு எழுதினால் அது காகிதத்தில்தான் இருக்கும். சம்பாவில் எங்கள் பாடு வடிகால். 2023 பிப்ரவரி தொடக்கத்தில், தை மாதக் கடைசியில், அறுவடைக்கு நின்ற நெல் மேல் மழை கொட்டியது. தலை சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்தது. சேற்றில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டி வந்தாலும் பாதி மணி சேற்றில். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காடு என்ற வரம்பு. தளர்வு வரும்வரை நெல்லைச் சாலையில் கொட்டிக் காய வைத்தோம். அறுப்புக்கு முன் மெழுகுப் பதத்தில் தெளித்த உளுந்தும் அழுகிப்போனது. தண்ணீரில் மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகம் இருக்கிறது. வெள்ளத்துக்கும் உவருக்கும் பொருந்தும் பழைய ரகங்களும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் நெல் ஜெயராமன் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மரபு ரகங்களைத் தேடிச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். விதை வேண்டிய மாதத்தில் வேண்டிய அளவு கிடைப்பதுதான் எங்கள் குறை.

என் அக்காவின் வயல் அடப்பாற்றுப் பக்கம், தலைஞாயிறு வட்டாரத்தில். அங்கே போய் இந்தக் குழாயை நட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே நிலத்தடி நீர் உப்பு. கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. அக்கா வீட்டுக் கைப்பம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவர்கள் வயலில் மேலே நிற்கும் நன்னீர்தான் அடியிலிருக்கும் உப்பை அழுத்தி வைத்திருக்கிறது. காயவிட்டால் ஈரம் மேலே ஏற ஏற உப்பும் கூடவே ஏறும். காலையில் போய்ப் பார்த்தால் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பயிரின் நுனி செம்பட்டையாகும், பிறகு கருகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் அவர்களுடைய தென்னை எல்லாம் சாய்ந்தது. மிஞ்சியது இந்த நெல்தான். கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை உலக அளவில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இருபது சென்டிமீட்டர் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வரப்பின் உயரம். வரப்பு உயரத்தில்தான் அங்கே வயலுக்கும் கடலுக்கும் வேறுபாடே.

அந்தப் பகுதிக்கு வேண்டியது வேறு. ஆறு கடலில் சேரும் இடத்தில் உப்புநீரைத் தடுக்கும் இயக்கணைகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும், வடிகால்களில் ஆகாயத்தாமரை மண்டக் கூடாது, முத்துப்பேட்டையில் செய்ததுபோல் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலையாத்தி வளர்க்க வேண்டும். வெண்ணாறு உபவடிநிலத்தில் (வெண்ணாறும் அதன் கிளைகளும் பாயும் பகுதி) காலநிலை மாற்றத்துக்குத் தகவமைக்க என்றே ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 2016இல் ஒப்புதலான திட்டம் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு ஆகியவற்றைச் சீரமைக்க வந்தது. கட்டியதைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணமும் ஆளும் ஒதுக்குங்கள். ஒரு ஷட்டரின் ரப்பர் கிழிந்தால் எத்தனை ஏக்கர் உப்பாகும் என்பது அக்காவுக்கு மனப்பாடம். ஒரே டெல்டா என்று சொல்கிறோம்; முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு ஊருக்கு மருந்தாக இருப்பது அடுத்த ஊருக்கு நஞ்சாக இருக்கிறது.

கடைசியாக, கார்பன் கிரெடிட். வயலைக் காயவிட்டால் குறையும் மீத்தேனுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தரும் என்று சிலர் ஊர் ஊராக ஒப்பந்தத்தாளுடன் வருகிறார்கள். என்னிடமும் ஒருவர் வந்தார். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பட்டா கேட்டார். ஒன்பது மாவில் ஐந்து மா கோயில் நிலம் என்றதும் அதை விட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் உழுகிறவரில் எத்தனையோ பேர் குத்தகைக்காரர்கள். சேற்றில் நின்று குழாயைப் பார்ப்பவர் அவர். கையெழுத்து பட்டாக்காரருடையது, பணமும் பட்டாக்காரருக்கு. இது நியாயமா? ஒருவர் உண்மையாகவே காயவிட்டாரா, இல்லையா என்று யார் பார்த்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. வெர்ரா என்ற உலகச் சான்றளிப்பு அமைப்பே சீனாவில் 37 நெல் திட்டங்களைச் சரியில்லை என்று 2024இல் தள்ளுபடி செய்தது. நம் ஊரில் அப்படி ஒன்று நேர்ந்தால் கெட்ட பெயர் விவசாயிக்குத்தான் வரும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், குத்தகைதாரர் பெயரில் பங்கு இருக்க வேண்டும், தண்ணீர் வராததால் காயவிட முடியாமல் போனால் விவசாயி மேல் அபராதம் விழக் கூடாது என்ற மூன்றையாவது விதியாக்குங்கள். அதுவரை நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

இந்த ஆண்டும் ஒரே ஒரு மாவில் குழாயை நட்டிருக்கிறேன். மனைவிக்கு விருப்பமில்லை. மகள் கேட்டுக்கொண்டாள், எனக்கும் விட மனமில்லை. இன்று காலை எட்டிப் பார்த்தேன்; தண்ணீர் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. இந்த வெயிலுக்கு இரண்டு நாள் தாங்கும். வரப்பு வழியாக மதகுவரை நடந்தேன். வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர், அதுவும் ஓடாமல் நிற்கிறது. வாய்க்கால், மதகு பார்க்கும் பாசன ஊழியர் லஸ்கர் சைக்கிளில் வந்தார். அடுத்த முறை என்றைக்கு அண்ணே என்று கேட்டேன். எனக்கும் இன்னும் தகவல் வரவில்லை தம்பி என்றார். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார்.

எனக்கு இப்போதைக்கு அந்த ஒரு தேதி போதும். எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடைசி மதகுக்காரன்,
திருவாரூர் மாவட்டம்